கோப்பு வந்தது, ஆள் வரவில்லை

வரம்பு மறுபடியும் மாறப் போகிறது என்று பேச்சு அடிபடுகிறதாம். போன வாரம் ஜனக்புரி மெட்ரோ வாசலில் உங்களில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், சிவில் ஜட்ஜ் கோர்ட்டோட லிமிட்டை ஏத்தப் போறாங்களாம். மேல இருக்கிற ஃபைல் எல்லாம் எங்க தலையில வந்து விழும். எங்க கதி என்ன ஆகும்?" என்று கேட்டாள். "உங்க கதிக்கு ஒண்ணும் ஆகாது, மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும். கேஸ் போட்டவங்க கதியை நெனைச்சுப் பாத்தியா?" என்றேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. காய்கறிப் பையோடு நின்றபடி சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நீங்கள் நாலு பேர் கோர்ட்டு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அதில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தெரியும். மற்ற இரண்டு பேர் வாசித்துக் காட்டுங்கள்.

நான் டெல்லி மாவட்ட நீதிமன்றங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். கடைசிக் காலமெல்லாம் ரீடர். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, அன்றைய வழக்குக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, உத்தரவுகளைக் கையெழுத்துக்கு நீட்டி, அடுத்த வாய்தா தேதியைச் சொல்கிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா வேலைதான். உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், எத்தனை பேருடைய வீடும் வாசலும் அந்த மேசையைத் தாண்டிப் போகிறது என்று.

வரம்பு என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வழக்கில் இருக்கிற சொத்தின் மதிப்பு இவ்வளவுக்குள் என்றால் இந்த நீதிமன்றம், அதற்கு மேல் என்றால் அந்த நீதிமன்றம். எங்கள் காலத்தில் இருபது லட்சத்தைத் தாண்டினால் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். டெல்லியில் ஒரு சாதாரண வீடே இருபது லட்சத்தைத் தாண்டிப் பல காலமாகியிருந்தது. பிறகு அந்த எண்ணை அடித்துவிட்டு இரண்டு கோடி என்று எழுதினார்கள். சட்டத்தில் மாறியது ஓர் எண். எங்கள் வளாகத்தில் வேன் வேனாகக் கோப்புகள் வந்து இறங்கின. பீரோவில் இடமில்லை, பீரோ மேலும் இடமில்லை. என் மேசைக்கடியில் கட்டுக்களை அடுக்கிவிட்டதால் கால் நீட்ட வழியில்லாமல், ஒரு மாதம் நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

கோப்பு வந்துவிட்டது. எல்லா வக்கீல்களும் அதன் கூடவே வந்துவிடவில்லை. அதுதான் யாரும் யோசிக்காத விஷயம். மேலே வாதாடிப் பழகியவர்களில் பலருக்கு எங்கள் வளாகத்துக்கு வருவது கௌரவக் குறைச்சல், இல்லையென்றால் தூரம், இல்லையென்றால் வண்டி நிறுத்த இடமில்லை. நல்லவர்கள் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, "இனிமே அங்க வேற வக்கீல் வச்சுக்குங்க" என்று சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு சிலர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். நாங்கள் நோட்டீஸ் அனுப்பியது வக்கீலுக்கு. வக்கீலுக்குக் கிடைத்தால் கட்சிக்காரருக்குக் கிடைத்த மாதிரி என்பது சட்டம். வக்கீலின் குமாஸ்தா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். நாங்களும் 'சார்பு செய்யப்பட்டது', அதாவது உரியவருக்குச் சேர்ந்துவிட்டது, என்று எழுதிவிடுவோம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன். எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் மேசை சுத்தமாக இருக்கும். பக்கத்து அறை ரீடர்கள் ஐந்தரை மணிக்குக் கோப்பு மலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பிவிடுவேன். அந்தப் பெருமையில் ஒரு பழைய வழக்கத்தைக் கைவிட்டேன். வாதி வராமல் தள்ளுபடி ஆகிற கோப்பை அன்றைய அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் வைப்பது எங்கள் வழக்கம். நீதிபதி சொன்னாலும் உடனே கையெழுத்துக்கு நீட்ட மாட்டோம். நாலு மணி தாண்டட்டும், அதற்குள் யாராவது மூச்சு வாங்க ஓடி வருவார்கள் என்று காத்திருப்போம். எந்த விதியிலும் இது எழுதியில்லை. எனக்கு இது சோம்பேறிகள் கண்டுபிடித்த வழக்கம் என்று தோன்றியது. லஞ்சுக்கு முன்பே முடித்தால் அடுக்கு பாதியாகக் குறைகிறதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தள்ளுபடி உத்தரவுக்கு ஸ்டெனோவின் கம்ப்யூட்டரில் ஒரு தயார் வாசகம் உண்டு. 'காலையிலிருந்து பலமுறை அழைத்தும் வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை.' பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும், உத்தரவு தயார். அந்த வரியை நான் எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேனோ, ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

அப்படியிருந்த ஒரு நாள் வந்த வழக்குகளில் ஒன்று சரோஜா என்ற அம்மாவுடையது. கணவர் இறந்த பிறகு, ஜனக்புரியில் இந்த அம்மா குடியிருக்கும் இரண்டு மாடி வீடு முழுவதும் தனக்கே என்று கணவரின் தம்பி சொல்ல, இவர் பங்கு கேட்டுப் போட்ட வழக்கு. வீட்டை விற்கக் கூடாது என்று மேலேயே தடை வாங்கியிருந்தார். மேலிருந்து இறங்கிய கோப்பு. வாய்தா தேதி மாறவில்லை, இடம்தான் மாறியிருந்தது.

பதினோரு மணி வாக்கில் எங்கள் ஆர்டர்லி வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார். யாரும் வரவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் மட்டும் நின்றார். "அப்புறம் பார்க்கலாம்" என்றார் நீதிபதி. அவரும் எங்கள் அறைக்குப் புதிது. நான் கோப்பை மூடுவதற்கு முன் மேலோட்டமாகப் புரட்டினேன். மேலே நடந்த ஒவ்வொரு வாய்தாவின் கீழும் ஒரே வாசகம்: 'வாதி நேரில் ஆஜர்.' பதினோரு வருட வழக்கில் ஒரு நாள்கூட விடாமல். இது என் கண்ணில் பட்டது. இதை இங்கே அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், என் கண்ணில் பட்டது. பதினோரு வருடம் தவறாமல் வந்த மனுஷி இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியவள் நான். கேட்கவில்லை, அடுத்த கோப்பை எடுத்தேன்.

ஒரு மணி தாண்டியதும் அந்தக் கோப்பைத் திரும்ப வைத்தேன். "கோயி ஆயா?" என்று கேட்டார் நீதிபதி. யாராவது வந்தார்களா என்று. வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நஹீன் சார்" என்றேன். தள்ளுபடி என்றார். ஸ்டெனோ வாசகத்தை எடுத்தார், அச்சடித்தார், நான் நீட்டினேன், நீதிபதி கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சரோஜா வந்தார். நீதிபதி தன் அறையில் ஏதோ தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார், கோர்ட் அறையில் அவ்வளவாக ஆளில்லை. நரைத்த தலை, நூல் புடவை, அதற்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. வேர்த்து வழிந்தது. மேசையில் இருந்த என் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"ஏம்மா, தமிழா நீங்க? நல்லதாப் போச்சு. என் கேஸ் இங்க வந்திருக்காம். காலையில ஒம்பதே முக்காலுக்கே ஹைகோர்ட்டுல போய் உக்காந்துட்டேன். போர்டுல என் நம்பரே வரல. ரெண்டாவது லிஸ்ட் போடுவாங்களோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். லஞ்சுக்கு அப்புறம்தான் அங்க வேலை பாக்கிற ஒரு பையா சொன்னாரு, அது கீழ் கோர்ட்டுக்குப் போயிடுச்சுன்னு. ஆட்டோ புடிச்சு ஓடி வரேன்."

"உங்க வக்கீல் சொல்லலையா?"

"அவர் போனே எடுக்க மாட்டேங்கிறார். என் கேஸை எப்பம்மா கூப்பிடுவாங்க?"

முப்பது வருடத்தில் எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கோப்பைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, உங்க கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு. நீங்க வரலைன்னு முடிச்சிட்டாங்க" என்றேன். முடிச்சிட்டாங்க என்றுதான் சொன்னேன், முடிச்சிட்டேன் என்று சொல்லவில்லை.

"நான் வரலையா? கண்ணு ஆபரேஷன் பண்ணி நாலாம் நாள் கட்டோட வந்து நின்னவ நான்." குரலை உயர்த்தவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப அந்த ஸ்டே?" என்று கேட்டார்.

வழக்கு போனால் தடையும் போயிற்று. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. போதாததற்கு, வராந்தாவிலிருந்து எதிர்த் தரப்பு வக்கீல் போனில் பேசுவது உள்ளே கேட்டது. தடை விலகிவிட்டது, நாளைக் காலையிலேயே விற்பனை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளுங்கள், ஜல்தி, உத்தரவு நகல் இன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்று தன் கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சரோஜாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

பேசி முடித்து அவர் நேராக என் மேசைக்கு வந்தார். நகல் எடுக்கக் கோப்பை அனுப்பச் சொல்லி மரியாதையாகக் கேட்டார். இந்த இடத்தில் நான் யோசித்ததை மறைக்காமல் சொல்கிறேன். கோப்பைத் தாமதப்படுத்த நமக்கு நூறு வழி தெரியும். 'ஃபைல் ஸ்டெனோகிட்ட இருக்கு, நாளைக்கு வாங்க' என்று சொன்னால் போதும், அவர் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு நாள் தள்ளிப் போனால் இந்த அம்மாவுக்கு ஒரு நாள் கிடைக்குமே, நம்ம ஊர்க்காரி வேறு. சொல்லாமல் இருந்ததற்கு நான் யோக்கியசாலி என்பது காரணமில்லை. கோப்பு திறந்தபடி என் முன்னால் இருந்தது. 'பலமுறை அழைத்தும்' என்ற வரியை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தேன். அந்தக் கோப்பில் ஏற்கெனவே ஒரு பொய் இருந்தது. மேற்கொண்டு இன்னொன்றைச் சேர்க்க மனசு வரவில்லை.

"விண்ணப்பம் குடுங்க, இன்னைக்கே அனுப்பி வைக்கிறேன், வெளியே உட்காருங்க" என்று அவருக்கு ஹிந்தியில் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"இந்த வழக்குல என்ன பண்ணணும்னு நான் சொல்லக் கூடாதும்மா. ஆனா இதே மாடியில கடைசி ரூம் சட்ட உதவி மையம். பொம்பளைங்களுக்கு அங்க ஃபீஸ் கிடையாது. வக்கீல் இருப்பாங்க. தள்ளுபடி ஆயிடுச்சு, ஸ்டே போயிடுச்சு, எதிர்த் தரப்பு வக்கீல் வெளியே உக்காந்திருக்கார்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லி ஆர்டர்லியைத் துணைக்கு அனுப்பினேன். இதை நான் யாருக்கும் சொல்லலாம். எதிர்த் தரப்பு கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எல்லோருக்கும் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லுங்கள், அது போதும்.

அங்கே அன்றைக்கு முறையில் இருந்தது ஒரு சின்ன வயது வக்கீல் பெண். விவரம் கேட்டு, வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுவைக் கையாலேயே எழுதி, நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொண்டுவந்து நீட்டினாள். சரோஜாவின் பையில் உயர் நீதிமன்ற வாசலில் கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தது. தேதியும் நேரமும் போட்டது. அதையும் சேர்த்துக் குத்தியிருந்தாள்.

நீதிபதி மேடைக்கு வந்தார். எதிர்த் தரப்பு வக்கீலை உள்ளே அழைத்தோம். நகலுக்காகக் காத்திருந்தவர், வர மாட்டேன் என்று சொல்ல முடியாதே. ஆனால் அவர் நன்றாகவே வாதாடினார். வாதியின் வக்கீலுக்கு நோட்டீஸ் கிடைத்திருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அந்த அம்மா வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது அவர் தப்பு. பலமுறை அழைத்ததாக உத்தரவே சொல்கிறது. எனக்கு மனுவின் நகல் கொடுங்கள், பதில் எழுத நாலு வாரம் கொடுங்கள் என்றார். கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. நாலு வாரத்தில் வீடு கை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

நீதிபதி உத்தரவை எடுத்துப் படித்தார். "பலமுறை அழைத்திருக்கிறார்கள் அம்மா" என்று ஹிந்தியில் சரோஜாவிடம் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. பிறகு தேதிக்காக என் பக்கம் கையை நீட்டினார்.

ரீடர் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. அது நமக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். டைரியை எடுக்காமல் எழுந்து நின்றேன். 

"சார், ஒரு தடவைதான் அழைத்தோம்" என்றேன்.

"உத்தரவில் பலமுறை என்று இருக்கிறதே?"

"அது வழக்கமாகப் போடுகிற வரி சார். நான் படிக்காமல் கையெழுத்துக்கு வைத்துவிட்டேன். லஞ்சுக்கு முன் நீங்கள் கேட்டபோது, பெயரைத் திரும்ப அழைக்கும்படி நான் ஆர்டர்லியிடம் சொல்லவில்லை. வாசலைப் பார்க்காமலேயே யாரும் வரவில்லை என்று சொன்னேன்."

அறையில் இருந்த நாலைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெனோ தலையைக் குனிந்துகொண்டார். அந்த உத்தரவில் நீதிபதியின் கையெழுத்தும் இருக்கிறது, நான் சொன்னது அவரையும் சேர்த்து இழுக்கிற காரியம். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், பேச்சை மாற்றியிருக்கலாம். உத்தரவைக் கீழே வைத்தார். பிறகு எதிர்த் தரப்பு வக்கீலிடம், "நீங்கள் காலையிலிருந்து இங்கேயே இருந்தீர்கள். எத்தனை தடவை அழைத்தது உங்கள் காதில் விழுந்தது?" என்று கேட்டார்.

அந்த வக்கீலுக்கு இன்றுவரை என் மனசில் ஒரு மரியாதை உண்டு.  "ஒரு தடவைதான் சார்" என்றார்.

ரீடர் சொன்னது, வக்கீல் சொன்னது, அனுமதிச் சீட்டில் இருந்த நேரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி எழுத வைத்தார் நீதிபதி. தள்ளுபடி ரத்து. வழக்கு திரும்பக் கோப்புக்கு வந்தது. அடுத்த வாய்தா வரை தடை நீடிக்கும், இது எதிர்த் தரப்பு வக்கீலின் முன்னிலையில் சொல்லப்பட்டது என்று முடித்தார். அந்தக் கடைசி வரிதான் வீட்டைக் காப்பாற்றியது. எதிர்த் தரப்பில் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் நோட்டீஸ் அனுப்பச் சொல்லி வேறு தேதிதான் போட்டிருப்பார். நான் மூன்று மணிக்கு அந்தப் பொய்யைச் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், சரோஜாவுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அவர் வீட்டை நானே விற்றுக் கொடுத்திருப்பேன். 

பிறகு நீதிபதி தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். எழுத்து மூலம் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். வந்தது. என் பணிப் பதிவேட்டில் இருக்கும் ஒரே மெமோ அதுதான். மறுநாளே, மேலிருந்து வந்த எல்லாக் கோப்புகளிலும் வக்கீலுக்கு மட்டுமல்லாமல் வாதி, பிரதிவாதி வீட்டு முகவரிக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். கம்ப்யூட்டரிலிருந்து அந்த வாசகத்தை ஸ்டெனோ தானாகவே அழித்துவிட்டார். நாலு மணி வழக்கத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். என் மேசை அப்புறம் ஒரு நாளும் சுத்தமாக இருந்ததில்லை. உங்களிடமும் கோப்புகள் வந்து இறங்கும்போது முதலில் வீட்டு முகவரியைத் தேடுங்கள். வரம்பு மாறிய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுத் தன் வழக்கைத் தேடிக்கொண்டு எந்தக் கட்சிக்காரரும் வரமாட்டார்.

அன்றைக்கு ஐந்தரைக்கு மேல் வெளியே வந்தபோது சரோஜா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்லத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். என்ன அசட்டுத்தனம் பாருங்கள்.

"மத்தியானம் அந்தத் தள்ளுபடித் தாளைக் கையெழுத்துக்கு வச்சது நீங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நான்தான்."

"ஒரு தடவைதான் கூப்பிட்டோம்னு நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"வீடு போயிருக்கும்."

"சொன்னதுனால உங்களுக்கு என்ன ஆகும்?"

"மெமோ வரும்."

அவருக்குக் கோபம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். பதினோரு வருட வாய்தாவும் வரிசையாக அதில் எழுதியிருந்தது. புதுப் பக்கத்தைப் புரட்டி, பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த தேதியைச் சொல்லுங்க. எந்தக் கோர்ட்டு, எத்தனாவது மாடி, எந்த ரூமு, எல்லாம் சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன். எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையும் சொன்னேன்.